எலக்ட்ரிக் மேன்டலினில் ப்ளூஸ்: நிற்கிற ஸட்ஜமும் நடக்கிற கார்டும்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கேரள-தமிழ்நாடு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தம்பி. 6 வருடம் கர்நாடக முறையில் மேன்டலின் பழகியவர். கையில் இருப்பது 4 ஒற்றைக் கம்பி எலக்ட்ரிக் மேன்டலின், ஸ-ப-ஸ-ப என்று சேர்த்து வைத்திருக்கிறார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு முறையான ப்ளூஸ் மேல் ஆசை வந்து, 'ப்ளூஸ் ஸ்கேல்' (அதன் ஸ்வர வரிசை) என்று தேடி எடுத்து மனப்பாடமும் பண்ணியாயிற்று. ஆனால் கிடார் நண்பர்களோடு உட்கார்ந்தால், "என்னடா, கச்சேரி ஆலாபனை மாதிரியே இருக்கு" என்று சிரிக்கிறார்களாம். ப்ளூஸில் சொந்தமாக இட்டுக்கட்டி வாசிக்க எங்கிருந்து தொடங்குவது, கம்பி சேர்க்கையை மாற்ற வேண்டுமா, குரு வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, சிரித்தவர்கள் மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் காதில் விழுந்தது சரிதான். நீங்கள் மனப்பாடம் செய்த ஸ்கேல் ஸ, சாதாரண காந்தாரம் (க), சுத்த மத்யமம் (ம), ப, கைசிகி நிஷாதம் (நி). அதாவது அச்சு அசல் சுத்த தன்யாசி. நடுவில் பிரதி மத்யமத்தை (அரைப்படி உயர்ந்த ம) ஒரு உரசலாகச் சேர்த்தால் அதுதான் ப்ளூஸ் ஸ்கேல். 6 வருடம் பழகின கைக்கு இது புதிதே இல்லை. புதிய பெயரில் பழைய ராகத்தை வாசித்திருக்கிறீர்கள், அது பழைய ராகமாகவே கேட்டிருக்கிறது. ஆக, ஸ்கேலைத் தேடினது போதும். அங்கே உங்களுக்குக் கற்க ஒன்றும் பாக்கியில்லை.

என் கதையைச் சொன்னால் புரியும். இருபத்துச் சொச்சம் வயதில் மெல்லிசைக் குழுவில் மேன்டலின் வாசித்துக்கொண்டிருந்தேன். சித்தூர், பொள்ளாச்சி, கொல்லங்கோடு என்று கல்யாணம், கோயில் வேலை எங்கே கூப்பிட்டாலும் போவோம். ஒரு முறை மீனாட்சிபுரம் பக்கத்தில் நிகழ்ச்சி தொடங்கத் தாமதம். கோயம்புத்தூரிலிருந்து வந்த கிடார்காரர் சும்மா இருக்க முடியாமல் ப்ளூஸ் போட ஆரம்பித்தார், டிரம்ஸ் சேர்ந்தது. எனக்கும் கை அரித்தது. புகுந்து விளாசினேன். வேகம், பிருகா என்ற அதிவேக உருட்டல், கடைசியில் மூன்று முறை சொல்லி, தாளம் தொடங்குகிற சமத்தில் முடிக்கிற கோர்வை வரைக்கும். நான் ஸட்ஜத்தில், அதாவது ஆதார ஸ-வில், 'டங்' என்று விழுந்தபோது அவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். கிடார்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அண்ணா, நீங்க ஒரே எடத்துல நிக்கறீங்க. நாங்க நடந்துட்டிருக்கோம்."

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு 2 வருடம் பிடித்தது. நம் சங்கீதத்தில் ஸட்ஜம் அசையாது. சுருதிப் பெட்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும், நாம் அதைச் சுற்றி வருகிறோம். ப்ளூஸில் அடியில் இருக்கிற கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கிற ஸ்வரக் கூட்டம், ஸட்ஜத்திலிருந்து மத்யமத்துக்குப் போகும், திரும்பும், பஞ்சமத்துக்கு ஏறும், இறங்கும். கீழே தரை நகரும்போது, மேலே நீங்கள் வாசிக்கிற அதே ஸ்வரத்துக்கு அர்த்தம் மாறிவிடுகிறது.

இதை வெறும் பேச்சாக விடாமல் கம்பியில் காட்டுகிறேன். உங்கள் ஸ கம்பியில் 3-வது ஃப்ரெட் (விரல் பலகையின் குறுக்குக் கட்டை) சாதாரண காந்தாரம், 4-வது அந்தர காந்தாரம். ஸட்ஜ கார்ட் ஒலிக்கும்போது 3-ஐ லேசாக மேல்நோக்கித் தள்ளுங்கள், 4-ஐத் தொடாமல். இரண்டுக்கும் நடுவில் ஒரு காந்தாரம் அழும். ப்ளூஸின் உயிர் அங்கேதான். அல்லது 3-ல் தட்டி 4-ல் விழலாம், அதுவும் சரி. இப்போது கார்ட் மத்யமத்துக்குப் போகிறது. மத்யம ஏழாம் கார்டில் இருப்பவை ம, சதுச்ருதி தைவதம், ஸ, சாதாரண காந்தாரம். அதாவது சற்று முன் அழுதுகொண்டிருந்த அதே 3-வது ஃப்ரெட், இப்போது அந்தக் கார்டுக்குச் சொந்தப் பிள்ளை. தள்ளத் தேவையில்லை, நேராக வைத்தாலே உட்காரும். 4-வது ஃப்ரெட்டோ இங்கே கல் கடித்த மாதிரி இருக்கும்.

முதல் மாதப் பாடம் இவ்வளவுதான்: வேறு ஸ்வரமே வேண்டாம், காந்தாரத்தை மட்டும் வைத்து ஒரு சுற்று முழுக்க வாசியுங்கள். ஸட்ஜ கார்டில் 3-லிருந்து 4-க்கு, மத்யம கார்ட் வந்த நொடியில் 3-க்கு இறக்கம். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கார்டே கேட்காவிட்டாலும், உங்கள் ஒற்றைக் கம்பியை வைத்தே 'இப்ப மாறிடுச்சு' என்று தெரிய வேண்டும். எனக்கு இது பிடிபட்ட ராத்திரி வீட்டில் யாரையும் தூங்க விடவில்லை. இரண்டே ஃப்ரெட்தான், திரும்பத் திரும்ப.

பஞ்சம கார்ட் வரும்போது காந்தாரத்தில் போய் உட்காராதீர்கள், ஒட்டாது. ரிஷபத்தில், அதாவது ஸ கம்பியின் 2-வது ஃப்ரெட்டில் இறங்குங்கள். அது பஞ்சமத்துக்குப் பஞ்சமம். இல்லையென்றால் ப கம்பியின் 3-வது ஃப்ரெட், கைசிகி நிஷாதம். அதையும் கொஞ்சம் தள்ளலாம், பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு காந்தாரம்தானே.

இந்த நடை எவ்வளவு நீளம்? 12 பார், பாருக்கு 4 எண்ணிக்கை. கிடார் பிள்ளைகள் இதைப் பட்டியலாக உருப்போடுவார்கள். நமக்கு ஆதி தாளம் இருக்கிறது. 2 பார் ஒரு ஆவர்த்தனம், அதாவது 8 எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்று, ஆக மொத்தம் 6 ஆவர்த்தனம். முதல் இரண்டும் ஸட்ஜம். மூன்றாவது மத்யமம். நான்காவது திரும்ப ஸட்ஜம். ஐந்தாவதில் லகுவுக்கு, அதாவது முதல் 4 எண்ணிக்கைக்கு, பஞ்சமம், இரண்டு திருதத்துக்கும், அதாவது கடைசி 4-க்கு, மத்யமம். ஆறாவதில் லகுவுக்கு ஸட்ஜம், திருதத்தில் மறுபடி பஞ்சமம், அது அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடும். சிலர் இரண்டாவது பாரிலேயே ஒரு எட்டு மத்யமத்துக்குப் போய்த் திரும்புவார்கள், பயப்பட வேண்டாம், கேட்டுப் பழகினால் தெரிந்துவிடும். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு அந்தந்த ஆவர்த்தனத்தின் ஆதாரத்தை வாயால் ஸ, ஸ, ம, ஸ, ப-ம, ஸ-ப என்று பாடுங்கள். பேருந்தில் போகும்போது செய்யலாம். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

நடை திஸ்ரம், எண்ணிக்கைக்கு மூன்று. ஆனால் முழுத் திஸ்ரம் இல்லை. 'தகிட தகிட' என்பதில் நடுவில் இருக்கிற 'கி'-யை விழுங்கிவிடுங்கள். தா..ட தா..ட தா..ட என்று நொண்டி நொண்டி வரும். ஷஃபிள் என்பது அதுதான். முதல் அட்சரம் நீளம், கடைசி குட்டை. நம்மவர்கள் இதைச் சுத்தமான சதுச்ரமாக (எண்ணிக்கைக்கு நாலாக) வாசித்துக் கெடுப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். மீட்டுகிற பிக்கைக் கீழே ஒரு அடி, மேலே ஒரு அடி, கீழ் அடிக்குக் கொஞ்சம் கனம். வேகம் நிமிடத்துக்கு 60, 70-க்கு மேல் வேண்டாம். மெதுவாக வாசிக்கும்போதுதான் திருட்டுத்தனம் செய்ய முடியாது.

இன்னொரு பழக்கத்தை இங்கே உடைக்க வேண்டும். கோர்வை வைத்து முதல் ஆவர்த்தன சமத்தில் விழ நம் கை துடிக்கும். மீனாட்சிபுரத்தில் நான் செய்த தப்பும் அதுவே. ப்ளூஸில் வீட்டு வாசல் ஆறாவது ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில் இருக்கிறது, 11-வது பார். பஞ்சமம், மத்யமம் என்று இறங்கி அங்கே ஸட்ஜத்தில் கால் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வருவது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்புகிற நேரம். கோர்வையே போடக்கூடாதா என்றால், போடலாம். 10-வது பார் முடிவில் முடிகிற மாதிரி கணக்குப் பண்ணுங்கள். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன், கேட்டவர்கள் ரசித்தார்கள். ஆனால் ஒரு ராத்திரிக்கு ஒன்று.

அடுத்து, எல்லாவற்றையும் விட முக்கியமானது. பாட வேண்டும். ப்ளூஸ் வாய்ப்பாட்டிலிருந்து வந்தது. அதன் பாட்டு மூன்று வரி: முதல் வரி, அதே வரி இன்னொரு முறை, பிறகு பதில் வரி. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஆவர்த்தனம், ஆனால் குரல் நிரப்புவது முதல் ஆவர்த்தனமும் கொஞ்சமும்தான். மிச்சம் காலி. அந்தக் காலியிடத்தில் வாத்தியம் பதில் சொல்லும். அமெரிக்க ப்ளூஸ் பாடகரும் கிடார்காரருமான பி.பி. கிங் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதுதான்: பாடும்போது கிடாரை நிறுத்திவிடுவார், பாடி முடித்ததும் கிடார் பேசும். நம் கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தில் வயலின் எடுக்கிற மாதிரி. ஆனால் வயலின் பாடினதையே பின்தொடரும். இங்கே பதில் சொல்ல வேண்டும், எதிர்ப்பேச்சு கூடப் பேசலாம்.

ஆங்கிலத்தில் பாடித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நம் ஊரிலேயே பாட்டு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் மேற்கே மழை கொட்டும், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் வறண்டு கிடக்கும். நீங்கள் அங்கேயே இருப்பவர், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிற வரிகள் இவை:

மேக்க பேயற மழை எங்க காட்டுக்கு வரலையே,
ஆமா, மேக்க பேயற மழை எங்க காட்டுக்கு வரலையே,
கெணத்துல வாளிய எறக்கினேன், சத்தம் மட்டுந்தான் வந்துச்சே.

'வரலையே'-யில் 'லை'-யை அந்த நடுக் காந்தாரத்தில் இழுங்கள். முதல் முறை அது ஸட்ஜ கார்டில் விழுகிறது, இரண்டாம் முறை அதே சொல் மத்யம கார்டில் விழுகிறது. சொல் மாறவில்லை, தரை மாறிவிட்டது. இரண்டாவது முறை சோகம் வேறு மாதிரி கனப்பது உங்களுக்கே கேட்கும். பிறகு ஒவ்வொரு வரி முடிவிலும் மேன்டலினில் ஒரு சிறு பதில். 4 ஸ்வரம் போதும், 3 இருந்தால் இன்னும் நல்லது. பதில் தோன்றவில்லை என்றால் வாசிக்காதீர்கள், காலியாகவே விடுங்கள். கர்நாடகம் பழகினவர்களுக்கு மிகக் கஷ்டமான பாடம் இந்தச் சும்மா இருப்பதுதான்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைக்கிற விதம், பற்றி ஒரு வார்த்தை. சுத்த தன்யாசியில் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அசைத்தே பழகியிருப்பீர்கள். அசைவு அங்கே ஸ்வரத்தின் உடம்பு. ப்ளூஸில் ஸ்வரம் கீழிருந்து தள்ளாடி ஏறி, ஏறின இடத்தில் நிற்கும், நின்ற பிறகு வேண்டுமானால் கடைசியில் லேசாக நடுங்கும். உங்கள் நண்பர்கள் 'ஆலாபனை' என்று சிரித்தது பெரும்பாலும் இந்த அசைவுக்காகத்தான் இருக்கும். ஒரு மாதம் இந்த அசைவை, கம்பிதத்தை, விட்டு விரதம் இருங்கள். ஜாருவை, அதாவது சறுக்கலை, வைத்துக்கொள்ளுங்கள், அது இங்கேயும் செல்லும்.

ஒற்றைக் கம்பி வைத்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். சாதா மேன்டலினின் இரட்டைக் கம்பியைத் தள்ளினால் இரண்டும் ஒரே அளவில் ஏறாது, சுருதி பிரிந்து கரகரக்கும். அமெரிக்காவிலும் பழைய ப்ளூஸ் மேன்டலின்காரர்கள் இரட்டைக் கம்பியோடு மல்லுக்கட்டியவர்கள்தான், அதனால் தள்ளுவதைக் குறைத்து, சறுக்கியும் வேகமாக மீட்டி ஒலியை நீட்டியும் சமாளித்தார்கள். டென்னசியின் பிரவுன்ஸ்வில்லைச் சேர்ந்த யாங்க் ரேச்சலைக் கேளுங்கள். 1929-லேயே ப்ளூஸ் பாடகர் ஸ்லீப்பி ஜான் எஸ்டஸோடு இசைத்தட்டுக்கு வாசித்தவர், 1997-ல் இறந்தார். சிகாகோவில் ஜானி யங், 1974-ல் போய்விட்டார். இந்த இருவர் போதும் தொடங்க. அழகாக வாசிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், முரட்டு வாசிப்பு. எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. பத்தாவது தடவை கேட்கும்போது, நான் 50 ஸ்வரத்தில் சொல்வதை அந்த ஆள் 5-ல் முடிப்பது உறைத்தது.

மேன்டலின் ஸ்ரீநிவாஸை நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். பாலகொல்லுவில் பிறந்து, 1978-ல் குடிவாடாவில் 9 வயதுப் பையனாக மேடையேறி, 1983-ல் பெர்லின் ஜாஸ் விழாவையே வாய்பிளக்க வைத்தவர். பிறகு கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு ரிமெம்பர் சக்தி என்ற குழுவில் உலகம் சுற்றினார். அந்த இரட்டைக் கம்பியை ஒற்றையாக்கி, 5 கம்பி எலக்ட்ரிக் வாத்தியத்தில் கமகத்தைக் கொண்டுவந்தது அவர் சாதனை. ஆனால் ப்ளூஸ் கற்க அவரைப் பின்பற்றாதீர்கள் என்பேன். கோபம் வேண்டாம், எனக்கும் அவர் தெய்வம். அவர் எந்த மேடைக்குப் போனாலும் தன் ஸட்ஜத்தைத் தன்னோடு எடுத்துப் போனவர். அந்தப் பலம் நமக்குக் கிடையாது, இங்கே அது தேவையும் இல்லை.

கம்பி சேர்க்கை. மாற்ற வேண்டாம். எல்லாரும் மேற்கத்திய மேன்டலின் சேர்க்கையான ஜி-டி-ஏ-ஈ வைக்கச் சொல்வார்கள், முதல் வருடம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஸ-ப-ஸ-ப சேர்க்கையில் உங்கள் ஸ்கேல் எல்லாக் கம்பியிலும் 0-3-5 என்று ஒரே மாதிரி உட்காருகிறது, கவனித்தீர்களா? ஸ-க-ம என்ற மேல்படிக்கும் ப-நி-ஸ என்ற மேல்படிக்கும் இடைவெளி ஒன்றே. கார்டும் அப்படித்தான். விரலைக் குறுக்கே படுக்கப்போட்டால் வெறுங்கம்பி ஸட்ஜம், 5-வது ஃப்ரெட் மத்யமம், 7-வது பஞ்சமம். காந்தாரம் இல்லாத கார்ட், அதனால் மைனரா மேஜரா, அதாவது சின்னக் காந்தாரமா பெரிய காந்தாரமா என்ற முடிவு உங்கள் விரலிலேயே இருக்கும். கிடாரில் 'ஓப்பன் ஜி' என்று ஒரு சேர்க்கை உண்டு. தடித்த கம்பியிலிருந்து எண்ணினால் ப-ஸ-ப-ஸ-க-ப. மிசிசிப்பி டெல்டாவில் மடி வாட்டர்ஸ் போன்ற ப்ளூஸ்காரர்கள் கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டிச் சறுக்கியது இந்தச் சேர்க்கையில்தான். நம் சேர்க்கைக்கு அது பெரியப்பா மகன்.

ஒரே சிக்கல், கிடார்காரர்கள் பாதி நேரம் ஈ அல்லது ஏ சுருதியில் வாசிக்கலாம் என்பார்கள். உங்கள் ஸ ஜி-யில், நம் 5 கட்டையில், இருந்தால் 2-வது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஏ-க்குப் போய்விடலாம். ஈ கேட்டால் ஏ-யில் வாசிக்கச் சொல்லிக் கெஞ்சுங்கள். நிரந்தரமாகக் குழுவோடு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அப்போது ஜி-டி-ஏ-ஈ பழகலாம். ஏ-யில் தடித்த இரண்டு கம்பியும் 2-5-7, அடுத்தது 3-5-7, மெல்லிய கம்பி 3-5-8. ஒரு வாரத்தில் கை ஏறிவிடும்.

சுருதிப் பெட்டியைப் பயிற்சி நேரத்தில் அணைத்துவிடுங்கள். அது ஒலிக்கிற வரை காது மத்யம கார்டை வீடாக ஒப்புக்கொள்ளாது. அதற்குப் பதில் நீங்களே 0-5-7 கார்டை 6 ஆவர்த்தனத்துக்கு மெதுவாக மீட்டி ஃபோனில் பதிவு பண்ணி, அதன் மேல் வாசியுங்கள். இணையத்தில் கிடைக்கிற தயார்ப் பின்னணியை விட இது நல்லது, கார்ட் மாறுகிற இடம் உங்கள் கையிலேயே பதியும்.

ஆம்ப் சின்னது போதும். ஒலி கிழியத் தொடங்குகிற விளிம்பில், அழுத்தி மீட்டினால் கரகரப்பும் மெதுவாக மீட்டினால் தெளிவும் வருகிற இடத்தில் வையுங்கள். எக்கோவைத் தொடாதீர்கள். கம்பியைத் தொட்டதும் 'ம்ம்' என்ற இரைச்சல் குறைந்தால் அது பிக்கப் வாங்குகிற இரைச்சல், பெரும்பாலும் தொல்லை அவ்வளவுதான். ஆனால் கம்பியிலோ மைக்கிலோ சுரீர் என்றால் உடனே நிறுத்துங்கள். தோட்டத்து வீடுகளில் எர்த் இல்லாத பிளக் சகஜம். கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக ஒரு மேடையில் வாங்கின அடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்த்த பிறகு வாசியுங்கள்.

குருவா? ப்ளூஸ் மேன்டலினுக்கு இந்த எல்லையில் ஆளைத் தேடிக் களைக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு ஜோடி. கார்ட் தெரிந்த, அலுக்காமல் 12 பாரை அரை மணி நேரம் போடுகிற ஒருவர். உங்கள் பக்கத்தில் எந்தத் தேவாலயப் பாடகர் குழுவிலும் அப்படியொரு கிடார் பையன் இருப்பான். அவனிடம் போய், "ஜி-யில் மெதுவா ஷஃபிள் போடு தம்பி, நான் மூணு ஸ்வரத்துக்கு மேல வாசிச்சா நிறுத்திடு" என்று சொல்லுங்கள். நிறுத்துவான். எனக்கு வாய்த்தவன் முதல் நாள் 11 தடவை நிறுத்தினான்.